நெற்களத்துக் கச்சேரி

இக்னேஷியஸும் திருவேங்கடமும் சிநேகிதர்களானதற்குக் காரணம் ஒரு வயலின்காரர் செய்த தப்பு. எண்பத்தொன்றாம் வருஷம், ஆவடியில் ஓர் அம்மன் கோயிலில் ஆடித் திருவிழாக் கச்சேரி. பல்லவி முடிந்ததும் வயலின்காரர் அரைச் சுருதி பிசகி உள்ளே நுழைந்தார். கூட்டம் அதைக் கண்டுகொள்ளாமல் விசிலடித்துக்கொண்டிருந்தது. இக்னேஷியஸ் மட்டும் "ச்சே" என்று தொடையில் தட்டிக்கொண்டான். இரண்டு வரிசை தள்ளி இன்னொருத்தனும் அதே நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கச்சேரி முடிந்ததும் அவன் நேராக இவனிடம் வந்து, "உனுக்கும் கேட்டுச்சா மச்சான்?" என்றான். அன்றிலிருந்து மச்சான்தான்.

இக்னேஷியஸுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் வேலை. குடியிருந்தது திருநின்றவூரில், வாடகை வீட்டில், மனைவி தெரசாவோடு. திருவேங்கடம் வெள்ளானூர்க்காரன். ஊரில் கொஞ்சம் நிலம், கத்தரியும் கீரையும் போடுவான். பகலில் அம்பத்தூரில் லாரி எடைமேடை ஒன்றில் வேலை பார்த்தான். நாளெல்லாம் முள்ளைப் பார்த்துப் பார்த்து, தன் காதும் ஒரு தராசாகிவிட்டது என்பான்.

கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், கல்யாண வரவேற்பு, மன்றத்து ஆண்டுவிழா என்று பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி வரை எங்கே கச்சேரி என்றாலும் இருவரும் போனார்கள். அவர்களுக்குப் பிடித்த குழு 'சாரல்'. அம்பத்தூர் பால்ராஜ் நடத்திய மெல்லிசைக் குழு அது. அதில் ஜானகிராமன் என்று ஒரு பாடகர் இருந்தார். பகலில் எங்கோ குமாஸ்தா. மேடையில் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார், கையை ஆட்ட மாட்டார், குனிந்து கும்பிட மாட்டார். சினிமாவில் பாடியவர் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாரோ அதே இடத்தில் மூச்சு வாங்குவார். சில நாள் அந்த இடத்தையும் தாண்டிப் போய்விடுவார். அந்தச் சில நாளுக்காகத்தான் இவர்கள் எல்லா நாளும் போனார்கள்.

கச்சேரியைவிடப் பெரிய சந்தோஷம் கச்சேரிக்குப் பிறகு இருந்தது. திருவேங்கடம் சைக்கிளை விடுவது ஆவடி ஸ்டேஷனில். இக்னேஷியஸ் அதே ரயிலில் திருநின்றவூர் வரை போகவேண்டியவன். ஆனால் அவனும் ஆவடியில் இறங்கிவிடுவான். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து முதல் பாட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். தபேலா எங்கே தாமதித்தது, புல்லாங்குழல் எங்கே காப்பாற்றியது, எந்தப் பாட்டுக்கு யார் 'ஒன்ஸ் மோர்' கேட்டது. அரக்கோணம் வண்டி ஒன்று போகும், திருவள்ளூர் வண்டி ஒன்று போகும். இருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். மற்ற ரசிகர்களும் சில சமயம் வந்து நின்று கேட்டு, ஒரு வார்த்தை சேர்த்துவிட்டுப் போவார்கள். வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அந்த பெஞ்சில் அவர்கள் பேசியதே இல்லை.

திருவேங்கடத்தின் மனைவி சாமுண்டீஸ்வரிக்கு இதெல்லாம் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. இக்னேஷியஸ் வெள்ளானூர் போனால் சோறு போட்டுக்கொண்டே கேலி செய்வாள்.

"அதுல அப்பிடி இன்னாதான்ணே கீது? ரேடியோல வர்ற அதே பாட்டுதானே. ரேடியோல இன்னும் நல்லாவே வருது."

"நேர்ல ஒரு தபா வந்து கேளு தங்கச்சி. அப்பறம் சொல்லு."

"எனுக்கு மாடு கீது, கொயந்த கீது. நீங்க ரெண்டு பேரும் கேட்டுட்டு வாங்க. எனுக்கும் சேத்து."

சிரிப்பு கலந்த பேச்சு அது. ஆனால் ஏழு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்ததில் அவளுக்கும் ஏதோ ஒட்டிக்கொண்டது. எண்பத்தெட்டு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு ஒரு பாட்டை முனகினாளாம். திருவேங்கடம் வாய் பிளந்து நின்றானாம். பாட்டு நடுவில் வருகிற புல்லாங்குழலைக்கூட அவள் விடாமல் முனகினாள் என்று எடைமேடையிலிருந்து ஸ்பிரிங் கம்பெனி வரை நடந்துவந்து சொன்னான்.

"அடுத்த கச்சேரிக்கு இட்டுகினு வந்துடு மச்சான். நான் சேர் புட்ச்சி வெக்கறேன்" என்றான் இக்னேஷியஸ்.

அடுத்த கச்சேரி அம்பத்தூரில். அங்கே இளைஞர் நற்பணி மன்றம் ஒன்றின் மூன்றாம் ஆண்டு விழா. ஓடாமல் நின்றுபோன அரிசி ஆலை ஒன்றின் நெற்களத்தில் மேடை போட்டிருந்தார்கள். நெல் உலர்த்தும் சிமெண்டுத் தரை, நாற்காலி போட வசதி. சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் சுவர். முன்பக்கம் ஓர் இரும்பு கேட், அதற்கு வர ஒரே சந்து. சந்தின் ஒரு பக்கம் ஆலைச் சுவர், இன்னொரு பக்கம் திறந்த சாக்கடை. மன்றத்துக்காரர்கள் கடை கடையாக இலவசப் பாஸ் கொடுத்திருந்தார்கள். களம் கொள்ளுகிற ஆட்களைப்போல இரண்டு பங்கு பாஸ் வெளியே போயிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

மூன்று மாதமாக ஜானகிராமனுக்குத் தொண்டை சரியில்லை. அவர் இல்லாமலே 'சாரல்' ஐந்தாறு கச்சேரி செய்துவிட்டது. அன்றைக்கு அவர் வருகிறாரா இல்லையா என்பது குழுவுக்கே கடைசிவரை தெரியவில்லை.

இக்னேஷியஸ் நாலரை மணிக்கே போய்விட்டான். குழுவின் தபேலாக்காரர் லட்சுமணன் அவனுக்குப் பழக்கம். ஸ்பீக்கர் பெட்டி இறக்க ஒரு கை கொடுத்துவிட்டு, பாய்லர் இருந்த பக்கத்துப் பின்கதவு வழியாக உள்ளே போனான். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து இரண்டு நாற்காலியில் கைக்குட்டையையும் சாப்பாட்டுப் பையையும் வைத்தான்.

திருவேங்கடத்திடம் முன்கேட் வழியாக வரச் சொல்லியிருந்தான். பின்கதவில் அவர்களையும் விடச்சொல்லி லட்சுமணனைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் விட்டிருப்பார். 'புதுசா ஒரு பொம்பளைய இட்டுகினு வந்து பின்னால நுழையறதா, கவுரவமா முன்னால வரட்டும்' என்றுதான் அப்போது தோன்றியது. அந்த நினைப்பு பிறகு அவனை எத்தனை நாள் தின்றது என்று அவனுக்குத்தான் தெரியும்.

ஆறு நாற்பதுக்குக் கச்சேரி ஆரம்பமானது. நாற்காலியெல்லாம் நிறைந்து சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். இவன் பிடித்து வைத்த இரண்டு நாற்காலிக்கு நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். "ஆளு வருதுங்க, கேட்டாண்ட நிக்குது" என்று சமாளித்தான். முதலில் வழக்கம்போல ஒரு சாமி பாட்டு. அது முடிந்ததும் மேடையின் இடது மூலையிலிருந்து ஜானகிராமன் நடந்து வந்தார். கழுத்தில் மப்ளர். அவரைப் பார்த்ததும் களம் அதிர்ந்தது.

புல்லாங்குழல் எடுத்தது. அந்த முன்னிசையை வைத்தே சின்னப் பிள்ளையும் பாட்டைச் சொல்லிவிடும். ஜானகிராமன் கண்ணை மூடினார், பாடினார். மூன்று மாதம் பேசாமல் இருந்த தொண்டை அது. அதில் ஏதோ கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. முதல் வரியிலேயே இக்னேஷியஸுக்குக் கை மயிர் சிலிர்த்தது. அந்தச் சமயத்தில் முன்கேட் பக்கமிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. வெளியே நிற்கிறவர்களும் ஆர்ப்பரிக்கிறார்கள் என்று நினைத்தான். அவனும் எழுந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

சரணத்தில் ஜானகிராமன் மூச்சு வாங்கவேண்டிய இடத்தில் வாங்கவில்லை. தாண்டிப் போனார். இக்னேஷியஸ் காலி நாற்காலிகளைப் பார்த்தான். 'பாவி, இத்த வுட்டுட்டியே. நேரத்தோட கெளம்பினாத்தானே. சரி, ஆவடியில மொதல்லேர்ந்து சொல்றேன்' என்று நினைத்துக்கொண்டான். திருவேங்கடத்துக்குச் சொல்லவேண்டும் என்றே ஒவ்வொரு வளைவையும் மனதில் குறித்துக்கொண்டு கேட்டான்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயவில்லை. மன்றத்து ஆள் ஒருவன் பக்கவாட்டுப் படியேறி மேடைக்கு ஓடினான். பால்ராஜ் காதில் குனிந்து ஏதோ சொன்னான். பால்ராஜ் கேட் பக்கம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். வந்தவன் மறுபடி எதையோ சொல்லிக் கையை ஆட்டினான். பால்ராஜ் தலையசைத்தார். பிறகு குழுவைப் பார்த்துக் கையைத் தூக்கி, விரலைச் சுழற்றினார். டிரம்ஸ் முழங்கிற்று. அடுத்து வந்தது ஒரு குத்தாட்டப் பாட்டு. களம் எழுந்து ஆடியது. ஜானகிராமனின் பாட்டுக்குப் பிறகு இதையா வைப்பார்கள் என்று இக்னேஷியஸுக்கு எரிச்சல்கூட வந்தது. 'வரிசைய கெடுத்துட்டாரு பால்ராஜு' என்று அதையும் சொல்வதற்காக மனதில் வைத்துக்கொண்டான்.

நாலைந்து பாட்டு போயிருக்கும். சுவரோரமாக ஒரு போலீஸ்காரர் குனிந்து குனிந்து ஒவ்வொரு வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"வெள்ளானூர் ஆளுங்க யாராவது கீறீங்களா? வெள்ளானூரு?"

இக்னேஷியஸ் எழுந்தான். "இன்னா சார்? என் சிநேகிதன் வெள்ளானூருதான்."

"பேரு?"

"திருவேங்கடம்."

போலீஸ்காரர் அவன் முழங்கையைப் பிடித்தார். "சத்தம் போடாம வா" என்றார்.

கேட்டின் இரண்டு கதவில் ஒன்றைத்தான் திறந்து வைத்திருந்தார்கள், பாஸ் பார்ப்பதற்காக. இன்னொன்றில் பூட்டு தொங்கியது. கதவு நிற்பதற்காகத் தரையில் ஒரு கல் பதித்திருந்தது. அதைச் சுற்றிச் செருப்புகள் கிடந்தன, நூற்றுக்கணக்கில், குவியலாக. ஒரு குழந்தையின் பால் பாட்டில். உடைந்த வளையல். யாரோ மண்ணை அள்ளிப் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். ஒருவர் தடுக்கி விழுந்து, அவர்மேல் இருவர் விழுந்து, பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாமல் முன்னால் நெருக்கி, ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது என்றார் போலீஸ்காரர். மூன்று பேர் போய்விட்டார்கள். இரண்டு பெண்கள், ஒரு கல்லூரிப் பையன்.

"உன் சிநேகிதன் உசுரோட கீறான். அவன் சம்சாரம்தான்..."

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நடந்துகொண்டே இருந்தது. ஜனங்கள் தாளத்துக்குக் கைதட்டும் சத்தம் கேட்டது. நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் மிரண்டு இந்த ஒரே கேட்டுக்குத்தான் ஓடி வருவார்கள், அதனால்தான் நிறுத்தவில்லை என்றும் போலீஸ்காரர் சொன்னார். இக்னேஷியஸ் சாக்கடையோரம் போய் வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரி நடையில் திருவேங்கடம் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை கிழிந்திருந்தது. இடது கை மணிக்கட்டு யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தது. இக்னேஷியஸைப் பார்த்தான். யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். இக்னேஷியஸ் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டான். அந்தத் தோள் நகரவும் இல்லை, சாயவும் இல்லை. "கஸ்தூரி எங்க மச்சான்?" என்று கேட்டதற்கு மட்டும், "அக்கா ஊட்ல" என்று பதில் வந்தது. கஸ்தூரி அவர்களுடைய ஆறு வயது மகள். கச்சேரிக்குக் குழந்தை வேண்டாம் என்று திருவேங்கடத்தின் அக்கா வேம்புலியம்மாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வெள்ளானூரில் காரியமெல்லாம் முடிந்தது. இக்னேஷியஸ் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் தினமும் போனான். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேம்புலியம்மாள்கூட, "நீ இன்னா பண்ணுவ தம்பி, அவ நேரம்" என்றாள். சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. தெரசாவிடம் பின்கதவு விஷயத்தைச் சொன்னான். "இத்த அவர்கிட்ட நீங்களா சொல்லாதீங்க. கேட்டா மறைக்காதீங்க" என்றாள்.

பதினைந்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு வேளையில் கம்பெனி கேட்டுக்குப் பால்ராஜ் வந்தார். மேடையில் ஜரிகைச் சட்டையில் பார்த்த மனிதர். கசங்கிய வேட்டியும் நாலு நாள் தாடியுமாக நின்றார்.

"விசாரண வெக்கறாங்க இக்னேசு. உன்ன கூப்புடுவாங்க. உள்ள முன்வரிசைல இருந்தவன், மேட ஆளுங்கள தெரிஞ்சவன்னு உம்பேரு போயிருக்கு."

"கூப்பிட்டா போறேன்ணே."

"அந்தப் பையன் மேடையேறி எங்காதுல சொன்னான்ல. அத்த நீ பாத்த. நீ பாத்தது எனுக்குத் தெரியும்."

இக்னேஷியஸ் அதுவரை அதைச் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை. இப்போது ஒரேயடியாகப் புரிந்தது. "அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"கேட்டாண்ட யாரோ வுழுந்துட்டாங்கன்னான். செத்துட்டாங்கன்னு சொல்லல. நிறுத்தாத, சத்தமா போடு, சனம் உள்ளாறயே இருக்கட்டும்னான். நான் போட்டேன்." பால்ராஜின் குரல் இறங்கியது. "பதினோரு பேரு கொழம்பு ஊத்தித் துன்றது இந்தக் குழுவாலதான் இக்னேசு. தெரிஞ்சே வாசிச்சானுங்கன்னு ஒரு வார்த்த வெளிய வந்தா, ஒருத்தன் கூப்புட மாட்டான். நீ எங்க ஆளு. உன்னைவிட எங்கள நேசிச்சவன் எவன் கீறான்?"

இக்னேஷியஸ் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உள்ளே எடுத்துப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூருக்குப் போனபோது திருவேங்கடம் கத்தரி வயலில் இருந்தான். மணிக்கட்டில் இன்னும் கட்டு. ஒற்றைக் கையால் களை பறித்துக்கொண்டிருந்தான். இக்னேஷியஸும் குனிந்து பறித்தான். இரண்டு பாத்தி முடிந்திருக்கும். திருவேங்கடம் தலையைத் தூக்காமல் கேட்டான்.

"இன்னா பாடுனாங்க?"

"இன்னா மச்சான்?"

"அன்னிக்கு. மொதல்லேர்ந்து சொல்லு. எப்பவும் சொல்லுவல்ல."

இக்னேஷியஸின் கையில் பறித்த களை அப்படியே இருந்தது. "வேணாம் வேங்கடம்."

"சொல்லு. எனுக்குத் தெரியணும்."

சொன்னான். வயல் வரப்பில் உட்கார்ந்து, வெயிலில், முதல் சாமி பாட்டிலிருந்து ஆரம்பித்தான். ஜானகிராமன் மப்ளரோடு வந்ததைச் சொன்னான். தொண்டை எப்படி இருந்தது என்று சொன்னான். சரணத்தில் மூச்சு வாங்காமல் தாண்டியதைச் சொல்லும்போது கை தானாக எழுந்து அந்த வளைவைக் காற்றில் வரைந்தது. சட்டென்று கையை இறக்கிக்கொண்டான். திருவேங்கடம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப கேட்டாண்டேந்து சத்தம் வந்துச்சு. நான் ஜனங்க கத்துறாங்கன்னு நெனச்சேன். எழுந்து விசில் அடிச்சேன் மச்சான்." அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "பின்னாடி ஒரு கதவு இருந்துச்சு. நான் அதுல தான் உள்ள போனேன். லட்சுமணன் கையில ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்க ரெண்டு பேரையும் வுட்டிருப்பான். நான் சொல்லல. அப்பால ஒருத்தன் மேடையேறி பால்ராஜ் காதுல சொன்னான். அவரு தெரிஞ்சேதான் டிரம்ஸ் அடிக்கச் சொன்னாரு. அத்தயும் நான் பாத்தேன்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, திருவேங்கடம் தன்னை அடிப்பான் என்று காத்திருந்தான். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது.

திருவேங்கடம் அடிக்கவில்லை.

"எனுக்குக் கேட்டுச்சு" என்றான்.

"இன்னா?"

"புல்லாங்குழலு. மொத எடுப்பு எடுத்தான் பாரு, சந்துல நிக்கறப்ப கேட்டுச்சு. உடனே தெரிஞ்சுபோச்சு, ஜானகிராமன் வந்துட்டாருன்னு. மூணு மாசம் கயிச்சி பாடறாரு, நான் வெளிய நின்னுகினு கீறேனேன்னு வெறி வந்துடுச்சி. அவ எனுக்கு முன்னால நின்னுகினு இருந்தா. ஒரு கைல பாஸு, ஒரு கைல செருப்பு. செருப்பு அறுந்துபோச்சு, அத்த கையில வெச்சிகினு இருந்தா. 'நட நட, ஆரம்பிச்சிட்டான்'னு அவ முதுவுல கைய வெச்சித் தள்ளுனேன்."

திருவேங்கடம் ஒரு களையைப் பிடுங்கி வரப்பில் போட்டான்.

"'இரு, கீழ கல்லு கீது'ன்னா. நான் காதுலயே வாங்கல. பின்னால எல்லாரும் தள்ளுனாங்க, அத்த நான் இல்லேங்கல. ஆனா அதுக்கு முன்னாடியே நான் தள்ளிட்டேன். மொதல்ல வுழுந்தது அவதான்."

"நீ தள்ளாட்டியும் கூட்டம்..."

"வேணாம். நீ சொல்லாத." திருவேங்கடம் எழுந்து அடுத்த பாத்திக்குப் போனான். அங்கிருந்தே கேட்டான். "தாண்டிப் போனாருன்னியே, அது ரெண்டாவது சரணமா?"

"ஆமாம்."

"அது வரைக்கும் எனுக்குக் கேக்கல" என்றான்.

விசாரணை ஜூலையில் நடந்தது. அரசாங்கக் கட்டடம் ஒன்றில் பெரிய மேசை, மின்விசிறி, எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. மன்றத்துத் தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்து, கேட்டின் இரண்டு கதவும் திறந்துதான் இருந்தது என்றார். இக்னேஷியஸ் பார்த்ததை எல்லாம் சொன்னான். பூட்டு தொங்கியதைச் சொன்னான். மேடையில் காதில் ஓதியதைச் சொன்னான். தான் பின்கதவில் போனதையும், யாரும் கேட்காமலே சொன்னான். பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்த பால்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. முகத்தில் அடி வாங்கியவர்போல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு திருவேங்கடத்தைக் கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர். "உக்காருங்க. மெதுவா சொல்லுங்க" என்றார்.

திருவேங்கடம் உட்காரவில்லை. "நான்தான் சார் தள்ளுனேன்" என்றான்.

அதிகாரிக்குப் புரியவில்லை. அவன் மறுபடி சொன்னான். புல்லாங்குழல் கேட்டது, தள்ளினது, கல் இருக்கிறது என்று அவள் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார்.

"ஐந்நூறு பேர் நின்ன எடத்துல யாரு யாரத் தள்ளுனதுன்னு யாருக்குத் தெரியும்? பாவம், பொண்டாட்டி போன துக்கத்துல பேசறீங்க. நீங்க போங்க" என்றார் அதிகாரி.

"எழுதிக்கங்க சார்."

"எழுதறோம், போங்க."

"அவர் எழுதல சார். நான் பாத்துகினுதான் கீறேன். எழுதச் சொல்லுங்க."

குமாஸ்தா ஏதோ எழுதினார். திருவேங்கடம் குனிந்து படித்தான். மனைவியை இழந்த அதிர்ச்சியில் சாட்சி தெளிவான நிலையில் இல்லை என்று ஒரு வரி. அவன் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். இக்னேஷியஸ் போய்த்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான்.

எதிர்பாராத கூட்ட நெரிசல், அமைப்பாளர்களின் கவனக்குறைவு, இனி இப்படி நடக்கக்கூடாது. அறிக்கை அவ்வளவுதான் சொன்னது. மன்றத்துக்காரர்கள் அடுத்த வருஷம் வேறு பேரில் விழா எடுத்தார்கள். 'சாரல்' தீபாவளிக்குள் கலைந்தது. ஜானகிராமன் அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை என்று லட்சுமணன் சொன்னார். தன் பாட்டு நடந்த நேரத்தில்தான் அந்தச் சாவு நடந்தது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குக் குரல் எழும்பவில்லையாம். லட்சுமணன் இக்னேஷியஸோடு அதுதான் கடைசியாகப் பேசியது.

திருவேங்கடம் எடைமேடை வேலையை விட்டுவிட்டான். இக்னேஷியஸ் ஒரு வருஷம்போல ஞாயிறு தவறாமல் வெள்ளானூர் போனான். மடை திருப்பினான், காய் பறித்தான், கஸ்தூரிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். இருவருக்கும் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. ஏழு வருஷத்தில் பாட்டைத் தவிர வேறெதையும் அவர்கள் பேசிப் பழகவில்லை. ஆடி மாதத்தில் ஊர்க்கோயில் மைக் செட் கட்டினால் திருவேங்கடம் பம்பு செட்டு அறைக்குள் போய் மோட்டாரைப் போட்டுவிடுவான். தண்ணீர் தேவையில்லாத வயலில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்.

எண்பத்தொன்பது ஆகஸ்டில் ஒரு நாள், கிளம்பும்போது திருவேங்கடம் தெருமுனை வரை கூடவே வந்தான். அப்படி வருவது வழக்கமில்லை.

"மச்சான், இனிமே வராத" என்றான்.

இக்னேஷியஸ் நின்றான். "அந்தக் கதவ நெனச்சி சொல்றியா?"

"இல்ல. அதுல உம்மேல எனுக்கு ஒண்ணும் இல்ல." திருவேங்கடம் இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். "உன்னப் பாத்தா எனுக்குப் பாட்டு ஞாபகம் வருது. ஆவடி பெஞ்சு ஞாபகம் வருது. வந்தா ஒரு செகண்டு சந்தோசமா கீது மச்சான். அன்னிக்கு நீ சொன்னப்பவும் அப்பிடித்தான். அவ செத்த பாட்ட நீ சொல்ற, எனுக்கு உள்ள சந்தோசமா கீது. அப்பிடி எனுக்கு இருக்கக்கூடாது."

தனக்கும் அப்படித்தான் என்பதை இக்னேஷியஸ் சொல்லவில்லை. திருவேங்கடத்தின் வளையாத மணிக்கட்டை ஒருமுறை பிடித்தான். விட்டான். ஆவடி ரோட்டுக்கு நடந்தான்.

அதற்குப் பிறகு அவன் வெள்ளானூர் பக்கம் போகவில்லை. தெரசாதான் வருஷா வருஷம் போய்வந்துகொண்டிருந்தாள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும், கஸ்தூரிக்குப் பாவாடைத் துணி எடுத்துக்கொண்டு. திரும்பி வந்ததும் வாசலிலேயே இக்னேஷியஸ் கேட்பான்.

"எப்படி கீறான்?"

"இந்தத் தபா வெண்ட போட்டிருக்காரு. கஸ்தூரி ஆறாவது போவுது. ஒயரமா வளந்துடுச்சி."

"என்ன எதுனா கேட்டானா?"

"இல்லீங்க" என்பாள் தெரசா. தலையிலிருந்த பூவை எடுத்து வைத்துவிட்டு உலை வைக்கப் போவாள்.